சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா?

ஆங்கிலத்தில் 'டிட் யூ ஈட்?' என்பது மூன்றே சொற்கள். பேரனையும் இப்படிக் கேட்கலாம், கவர்னரையும் இப்படிக் கேட்கலாம். காலையில் சாப்பிட்டதைப் பற்றியும் கேட்கலாம், போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டதைப் பற்றியும் கேட்கலாம். இதையே ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டால் உடனே பதில் வராது. "யாரிடம்? எப்போது? எந்த ஊரில்?" என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்பார்.

காரணம் இருக்கிறது. 'கொமிஸ்தே?' என்றால் சாப்பிட்டாயா. 'கொமியோ உஸ்தெத்?' என்றால் சாப்பிட்டீர்களா. ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதியில், இன்றைய சாப்பாடு என்றால், 'அஸ் கொமிதோ?' என்று நண்பனையும் 'ஆ கொமிதோ உஸ்தெத்?' என்று பெரியவரையும் கேட்பார்கள். எதிரில் இருப்பவர் ஒருவரல்ல, பலர் என்றால் லத்தீன் அமெரிக்காவில் 'கொமியெரோன்?'. ஸ்பெயினில் நண்பர் கூட்டமாக இருந்தால் 'கொமிஸ்தெய்ஸ்?'. ஒரு ஆங்கிலக் கேள்விக்கு ஆறு விடைகள் ஆகிவிட்டன. இன்னும் சில பாக்கி.

நம் நாட்டில் ஸ்பானிஷ் படிப்பவர்கள் பல நகரங்களில் இருக்கிறார்கள். டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷுக்குத் துறை உண்டு. 2009இல் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிலையமும் அங்கே திறக்கப்பட்டது. 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி என்றால் வேலை தேடுகிறவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? ஆனால் பெரும்பாலோர் ஆங்கில வழிப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். தமிழர்களும் அப்படித்தான். வலதுபக்கம் ஸ்பானிஷ், இடதுபக்கம் ஆங்கிலம். அங்கேதான் சிக்கல். தமிழில் ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு நுட்பத்தை ஆங்கிலத்தில் தொலைத்துவிட்டு, ஸ்பானிஷில் அதையே புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அதிலும் 'தௌ' என்று ஒரு 'நீ' இருந்தது. 17ஆம் நூற்றாண்டுவாக்கில் அது பொதுவழக்கிலிருந்து நழுவத் தொடங்கியது. இன்று பிரார்த்தனையிலும் பழைய நாடகங்களிலும்தான் பார்க்க முடியும். மிஞ்சியது 'யூ' மட்டும். எல்லோரும் சமம் என்ற கொள்கையால் வந்த மாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவரும் 'நீ' என்று அழைக்கப்பட விரும்பாததால், எல்லோருக்கும் 'நீங்கள்' பட்டம் கிடைத்துவிட்டது.

வட இந்தியாவில் வாழும் தமிழர்களுக்கு ஸ்பானிஷில் ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. ஸ்பானிஷில் 'நீ' என்பதற்குச் சொல் 'தூ'. இந்தியிலும் 'தூ'. இரண்டும் ஒரே தொல்மொழிக் குடும்பத்தின் வாரிசுகள் என்பதால் இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல. ஆனால் இறந்தகாலக் கேள்வியில் இந்தியைவிடத் தமிழ்தான் ஸ்பானிஷுக்கு நெருக்கம். இந்தியில் 'தூனே காயா?', 'ஆப்னே காயா?' என்னும்போது வினைச்சொல் மாறுவதில்லை. மரியாதை முழுவதும் முன்னால் வரும் பெயரில்தான். தமிழில் 'நீ', 'நீங்கள்' இரண்டையும் விட்டுவிட்டாலும் 'சாப்பிட்டாயா', 'சாப்பிட்டீர்களா' என்ற வால் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பானிஷிலும் அதே கதை. 'தூ' என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, 'கொமிஸ்தே' என்பதன் கடைசி அசை போதும். ஆங்கிலத்தின் 'டிட்' போன்ற துணைவினையும் கிடையாது. நாம் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் குரலை உயர்த்துகிறார்கள். எழுத்தில் கேள்விக்கு முன்னாலும் ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி போடுகிறார்கள்.

'உஸ்தெத்' பிறந்த கதை சுவையானது. இடைக்கால ஸ்பெயினில் மரியாதைச் சொல் 'வோஸ்'. ('வ' என்று எழுதினாலும் உச்சரிப்பில் 'பஸ்' என்பதில் வரும் 'ப'.) நம் 'நீர்' மாதிரி அதுவும் முதலில் உயர்ந்த இடத்தில் இருந்தது. எல்லோரும் எல்லோரையும் 'வோஸ்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் மதிப்பு இறங்கிவிட்டது. மரியாதைச் சொற்களும் ரூபாய் நோட்டு மாதிரிதான். அதிகமாக அச்சடித்தால் செல்லாக்காசு. கனவான்கள் 'வோஸ்' என்று கூப்பிடுவதையே அவமானமாகக் கருதியபோது, 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற புதிய நோட்டு புழக்கத்துக்கு வந்தது. 'தங்கள் கருணை' என்று பொருள். 1605இல் வெளியான 'தோன் கிஹோத்தே' நாவலில் வேலைக்காரன் சாஞ்சோ தன் எஜமானரை இப்படித்தான் விளிக்கிறான். வாயில் புரண்டு புரண்டு தேய்ந்து, அந்த நீளச் சொல் 'உஸ்தெத்' ஆகிவிட்டது.

சொல் தேய்ந்தாலும் இலக்கணம் தேயவில்லை. 'தங்கள் கருணை சாப்பிட்டதா?' என்பது படர்க்கைக் கேள்வி. அதனால் 'உஸ்தெத்'துக்கு இன்றும் படர்க்கை வினைதான். நம் வீடுகளில் 'எஜமான் சாப்பிட்டாரா?' என்று எஜமானிடமே கேட்டதைப் போல. இதன் விளைவு என்ன? வெறும் 'கொமியோ?' என்றால் அவன் சாப்பிட்டானா, அவள் சாப்பிட்டாளா, நீங்கள் சாப்பிட்டீர்களா என்ற மூன்றும் அதற்குள் அடக்கம். எதிரில் ஒருவரே இருந்தால் குழப்பமில்லை. அறையில் மூன்றாமவர் ஒருவர் இருந்தால் 'உஸ்தெத்' என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவதே நல்லது. 'தூ'வை விடலாம், 'உஸ்தெத்'தை விடுவதற்கு யோசிக்க வேண்டும்.

சில கேள்விகளில் வினை மாறாது, பக்கத்துச் சின்னச் சொல் மாறும். 'உனக்கு என்ன ஆச்சு?' என்பது 'கே தே பாசோ?'. 'உங்களுக்கு என்ன ஆயிற்று?' என்பது 'கே லே பாசோ?'. 'தே', 'லே' என்ற ஒரெழுத்து வேறுபாட்டில் மரியாதை நிற்கிறது. 2007 நவம்பரில் சிலி நாட்டில் நடந்த மாநாட்டில் ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ், வெனிசுலா அதிபர் ஹூகோ சாவேஸைப் பார்த்து, 'போர் கே நோ தே கயாஸ்?' என்றார். 'நீ ஏன் வாயை மூடக்கூடாது?' என்று பொருள். ஒரு நாட்டின் அதிபரைப் பார்த்து 'தே'! ஆங்கிலப் பத்திரிகைகளின் மொழிபெயர்ப்பில் 'யூ' வந்தது, அந்த 'தே' வரவில்லை.

யாரிடம் என்பது ஒரு பாதி. எப்போது என்பது மறுபாதி. அதுதான் ஆபத்தான பாதி.

மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சாப்பிட்டதையும் 'கொமிஸ்தே?' என்றே கேட்பார்கள். மாட்ரிட்காரர் இன்று நடந்ததற்கு 'அஸ் கொமிதோ?' என்பார். நேற்று நடந்ததென்றால் 'கொமிஸ்தே?'. மாட்ரிட் பாணியில் படித்துவிட்டு மெக்ஸிகோ போனால் யாரும் சிரிக்கமாட்டார்கள். வெளியூர்க்காரர் என்று புரிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். அர்ஜென்டினாவில் 'தூ' இல்லை, பழைய 'வோஸ்' அங்கே நண்பர்களுக்கான சொல்லாக வாழ்கிறது. அதற்காகக் கலங்க வேண்டாம். நிகழ்காலத்தில் 'தூ', 'வோஸ்' இரண்டுக்கும் வினை வெவ்வேறு என்றாலும் இந்த இறந்தகாலத்தில் இரண்டுக்கும் ஒரே 'கொமிஸ்தே'தான்.

கலங்க வேண்டியது இன்னொரு இடத்தில். ஸ்பானிஷில் முடிந்துபோன நிகழ்ச்சிக்கு ஒரு இறந்தகாலம், நீடித்திருந்த நிலைக்கும் வழக்கத்துக்கும் வேறொரு இறந்தகாலம். 'தோந்தே எஸ்தாபாஸ்?' என்றால் அந்த நேரத்தில் எங்கே இருந்துகொண்டிருந்தாய். 'தோந்தே எஸ்துவிஸ்தே?' என்றால் எங்கே போய் இருந்துவிட்டு வந்தாய். ஆங்கிலத்துக்கு இரண்டும் 'வேர் வேர் யூ?'தான். கதவைத் திறக்கும் மனைவியின் குரலில் எது என்பதைக் கணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் இது தமாஷ். நீதிமன்றத்தில் அப்படியல்ல. ஓர் உதாரணத்துக்கு, அமெரிக்க நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் பேசும் சாட்சி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அவனிடம் துப்பாக்கி இருந்தது தெரியுமா?' என்று ஆங்கிலத்தில் வக்கீல் கேட்கிறார். 'டிட் யூ நோ?' மொழிபெயர்ப்பாளர் 'சவியா உஸ்தெத்?' என்று கேட்டால், அந்தச் சமயத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று பொருள். 'சுபோ உஸ்தெத்?' என்றால், உங்களுக்குத் தெரியவந்ததா, கேள்விப்பட்டீர்களா என்று பொருள். மறுநாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டவரும் இரண்டாவது கேள்விக்கு 'சீ', அதாவது ஆமாம், என்பார். அது ஆங்கிலத்தில் 'யெஸ், ஐ நியூ' என்று பதிவாகிவிட்டால்? முன்கூட்டியே தெரிந்தும் சும்மா இருந்தவர் ஆகிவிடுகிறார். பொய் சொன்னவர் யாருமில்லை. ஒரு காலம் மாறியது, அவ்வளவுதான்.

தமிழர் இதில் தடுக்கி விழக் காரணமே இல்லை. 'தெரிந்திருந்ததா' என்பதும் 'தெரியவந்ததா' என்பதும் ஒன்றல்ல என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 'டிட் யூ நோ' என்ற ஆங்கிலப் பாலத்தில் ஏறி இறங்கும்போதுதான் அந்த வித்தியாசம் ஆற்றில் விழுந்துவிடுகிறது.

மருத்துவமனைக்கு வருவோம். 'தொமார்' என்ற வினைக்கு எடுத்துக்கொள்வது, அருந்துவது என்று பொருள். 'தொமோ லா மெதிசினா?' என்றால் மருந்தைச் சாப்பிட்டீர்களா, அதாவது அந்த வேளை மருந்தை. 'தொமாவா?' என்றால் சாப்பிட்டுவந்தீர்களா. டாக்டருக்குத் தேவை எது? நேற்று ஒரு மாத்திரை விழுங்கியதா, ஆறு மாதமாக விழுங்கிவருவதா? இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றாக இருக்காது. இன்னும் ஒரு கண்ணி உண்டு. லத்தீன் அமெரிக்காவில் எதை என்று சொல்லாமல் 'தொமோ?' என்று மட்டும் கேட்டால் மது அருந்தினீர்களா என்று அர்த்தமாகிவிடலாம். நாம் 'அவர் சாப்பிடுவாரா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லையா, அதே போல. 'தொமோ?' என்றால் அன்று ராத்திரி குடித்தாரா. 'தொமாவா?' என்றால் அவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததா. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போகும் தூரம் இருக்கிறது.

இதெல்லாம் வெறும் இலக்கண பயம் அல்ல. 1980இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். 'இந்தொக்சிகாதோ' என்றார்கள். அவர்கள் வழக்கில் அதற்கு, சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவமனையில் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படவில்லை. உண்மையில் நடந்தது மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. இளைஞரின் கைகால்கள் செயலிழந்தன. பின்னால் பல கோடி டாலர் இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது. அங்கே புரளாதது ஒரே ஒரு சொல். 'என்ன சாப்பிட்டான்? எப்போது சாப்பிட்டான்?' என்ற இரண்டு இறந்தகாலக் கேள்விகளை யாராவது சரியான ஸ்பானிஷில் கேட்டிருந்தால் அந்தச் சொல்லின் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களின் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று 1978இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். அதன் கீழ் ஸ்பானிஷுக்குத் தகுதித் தேர்வும் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் போதாது, பேசுகிறவரின் தோரணையும் மாறாமல் வர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. அறுபது வயது விவசாயத் தொழிலாளி ஒருவரை வக்கீல் 'யூ' என்று கேட்கும்போது அதை 'தூ' என்று மாற்றினால், கேள்வியோடு ஓர் அவமரியாதையும் சேர்ந்துவிடுகிறது. ஆகவே முன்பின் தெரியாத பெரியவர் என்றால் 'உஸ்தெத்' என்று தொடங்குவது பாதுகாப்பானது. 'தூ என்றே கூப்பிடுங்கள்' என்று அவரே சொன்னால் இறங்கிவரலாம். ஏறுவது கடினம், இறங்குவது சுலபம்.

ஆனால் மரியாதை என்றால் 'உஸ்தெத்', நெருக்கம் என்றால் 'தூ' என்று கணக்குப் போட்டுவிடவும் முடியாது. கொலம்பியாவின் பொகோத்தா வட்டாரத்திலும் கோஸ்தாரிக்காவிலும் நண்பர்களும் கணவன் மனைவியும்கூட ஒருவரையொருவர் 'உஸ்தெத்' என்பார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் ஐந்து வயதுப் பையனை 'வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா?' என்று கேட்பதைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அது தூரமல்ல, பாசம். மறுபக்கம், கடவுளுக்கு ஸ்பானிஷில் 'தூ'தான். நம் பக்தர்களும் கடவுளை 'நீ' என்றுதானே அழைக்கிறார்கள்? ஸ்பெயினிலோ இப்போது கடையிலும் ஆபீஸிலும் 'தூ' தாராளமாகப் புழங்குகிறது.

இந்தச் சொற்களுக்கு அரசியலும் உண்டு. 1936 டிசம்பரில் உள்நாட்டுப் போரின்போது பார்சிலோனாவுக்கு வந்த ஜார்ஜ் ஆர்வெல், அங்கே யாரும் 'உஸ்தெத்' என்று சொல்லவில்லை, எல்லோரும் தோழர், எல்லோரும் 'தூ' என்று கண்டார். போர்முனைக்குப் போய்விட்டுச் சில மாதங்களில் திரும்பியபோது 'உஸ்தெத்' திரும்பி வந்துவிட்டிருந்தது. புரட்சி தளர்ந்ததற்கு அவர் கண்ட அடையாளங்களில் இதுவும் ஒன்று. 1938இல் வெளியான 'ஹோமேஜ் டு கேட்டலோனியா'வில் இதை எழுதியிருக்கிறார்.

இவ்வளவு தலைவலியிலிருந்து தப்பிக்கவும் வழி உண்டு. 'நீ'யா 'நீங்க'ளா என்று தீர்மானிக்க முடியாத புதுச் சம்பந்தியிடம் நாம் 'சாப்பிட்டாச்சா?' என்கிறோம். அதில் ஆளே இல்லை! ஸ்பானிஷ்காரர்களும் 'பயணம் நன்றாக இருந்ததா?' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'கே தால் எல் வியாஹே?' என்று வினையே இல்லாமல் சமாளிப்பார்கள். ஆனால் நாள் முழுக்க இப்படி ஒதுங்க முடியாது. ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்ப்பவர் காலையில் விருந்தாளியிடம் 'துர்மியோ பியென்?', நன்றாகத் தூங்கினீர்களா, என்று கேட்டே ஆக வேண்டும். 'தொர்மிஸ்தே பியென்?' என்பது தங்கைக்கு. 'டிட் யூ வான்ட் காபி?' என்பதற்கு 'கெரியா கஃபே?' சரி. அது பணிவான இறந்தகாலம். 'கிசோ கஃபே?' என்றால் என்றோ முடிந்துபோன ஆசையை விசாரிப்பதுபோல ஆகிவிடும்.

கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 'டிட் யூ ஈட்?' என்று தட்டினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு விடையைச் சட்டென்று தருகிறது. அந்த வேகம்தான் அதன் குறை. எதிரில் இருப்பது பாட்டியா, பள்ளித் தோழனா, எத்தனை பேர், இன்றா நேற்றா என்று அதற்கு நீங்கள் சொல்லவில்லை, ஆங்கிலமும் சொல்லவில்லை.

எனவே ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்களுக்கு ஒரே ஒரு யோசனை. புத்தகத்தில் இடதுபக்கம் இருக்கும் ஆங்கில வாக்கியத்தின்மேல் பென்சிலால் அதன் தமிழை எழுதிக்கொள்ளுங்கள். 'தெரிந்திருந்தீர்களா' போன்ற ஏட்டுத் தமிழில் அல்ல, வீட்டில் பேசும் தமிழில். 'எங்கே பிறந்தீங்க?' என்று எழுதினால் 'தோந்தே நாசியோ உஸ்தெத்?' தானாக வரும். 'எங்கே பிறந்தே?' என்றால் 'தோந்தே நாசிஸ்தே?'. 'மாத்திரை சாப்பிட்டுட்டு வந்தீங்களா?' என்றால் 'தொமாவா'. ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை: நம் 'நீங்கள்' ஒருவருக்கும் பலருக்கும் பொது. ஸ்பானிஷில் ஒருவர் 'உஸ்தெத்', பலர் 'உஸ்தேதெஸ்'.

கேள்வி கேட்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளியாகவோ, சாட்சியாகவோ, ஊர்விட்டு ஊர் வந்த ஏழையாகவோ இருக்கும்போது, அவர் சொல்லக்கூடிய உண்மையின் அளவைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. யாரை, எப்போது நடந்ததைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லும் மொழி தமிழ். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திடம் வழி கேட்பானேன்?